மருதையனுக்கு ஏற்ற நாய்

எந்த இன நாயை வளர்க்கலாம் என்று கேட்டு இன்றும் சிலர் என்னைத் தேடி வருகின்றனர். கால்நடைத் துறையில் கம்பவுண்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, ஒரத்தநாட்டில் குடியேறிய பின்னும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. வருபவரிடம் நான் முதலில் நாயைப் பற்றிப் பேசுவதில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பர், நடக்க இடம் உண்டா, அக்கம்பக்கத்தில் ஓசை எப்படி, வெயில் எத்திசையில் விழும் என்று அவருடைய வாழ்க்கையைப் பற்றியே கேட்பேன். வாழ்க்கை தெரிந்தால் நாய் தானே தெரிந்துவிடும் என்பது என் கொள்கை. சென்ற கோடையில் ஓர் இளைஞர், மாடிக் குடியிருப்பில் வளர்ப்பதற்குப் பனிநாட்டு நாய் ஒன்று வேண்டும் என்று வந்தார். அவருக்குரிய விடையைச் சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு, என் கொள்கைக்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒரே ஒருவரை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர் பெயர் மருதையன்; நான் பாபநாசம் கால்நடை மருத்துவமனையில் இருந்தபோது பழக்கம். பாபநாசத்துக்கு அருகே, குடமுருட்டிக் கரையில் மீரா உசேன் ராவுத்தர் நடத்திய அரிசி மில்லில் எஞ்சின் டிரைவர். பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவர். மாடு மேய்க்கும் வயதில் மில் வாசலில் நின்று எஞ்சினைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ராவுத்தர் உள்ளே கூப்பிட்டு எண்ணெய்த் துணியைக் கையில் கொடுத்தாராம். அன்று நுழைந்தவர் பிறகு வயலில் இறங்கவில்லை.

அது ஒற்றைச் சிலிண்டர் பழைய எஞ்சின். மனிதன் உயரத்துக்குச் சக்கரம் இருக்கும். ஓடத் தொடங்கினால் மில்லின் தளம் முழுதும் நடுங்கும். சுவரில் மாட்டிய அரிக்கேன் விளக்கு தானாக ஆடும். அதன் அருகிலேயே நின்று நின்று, நாற்பது வயதுக்குள் மருதையனின் செவிகள் ஏறக்குறைய அடைத்துவிட்டன. எதிரில் நின்று பேசுபவரின் உதடுகளைப் பார்த்தே பேச்சை அறிவார்.

அவருடைய மனைவி அம்சம் நண்பகலில் சோறு கொண்டுவருவாள். அந்த இரைச்சலில் யாரைக் கூப்பிட்டும் பயனில்லை. எஞ்சினிலிருந்து அரவைக்குப் போகும் பெல்ட்டுக்காகத் தளத்தில் ஒரு குழி உண்டு. அதன்மேல் நடப்பதற்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். அம்சம் அந்தப் பலகையில் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதிப்பாள். எஞ்சினின் சீரான நடுக்கத்தினூடே அந்த மிதி தனியாக வந்து மருதையனின் உள்ளங்காலைத் தொடும். அவர் திரும்புவார். வாசல் வெளிச்சத்தில் தூக்குவாளியுடன் அவள் நிற்பாள். அவர்களுடைய இல்லறப் பேச்சில் பெரும்பகுதி அந்தப் பலகை வழியாகவே நடந்தது என்று ராவுத்தர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

ஒரு மழைக்காலத்தில் அம்சம் காய்ச்சல் கண்டு இறந்தாள். பிள்ளைகள் இல்லை. மருதையன் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு மில்லிலேயே தங்கத் தொடங்கினார். அப்போதுதான் ஒரு நாய் வேண்டும் என்று முதன்முதலாக என்னிடம் வந்தார். காவலுக்கா என்று கேட்டேன். இல்லை, பக்கத்தில் ஓர் உயிர் இருந்தால் போதும் என்றார்.

தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்துப் போனார். எஞ்சினின் முதல் வெடியிலேயே அது ஆற்றங்கரை வரை ஓடிவிட்டது. அதன்பின் மில் பக்கம் திரும்பவில்லை. அடுத்து ஒரு பொமரேனியன். அது ஓடவில்லை, எஞ்சினைப் பார்த்து ஓயாமல் குரைத்துக் குரல் கட்டிப்போய், உணவை ஒதுக்கியது. எடுத்துவந்து வேறு வீட்டில் கொடுத்தோம். மூன்றாவதாக, தைரியத்துக்குப் பெயர்போன கோம்பை நாய் ஒன்றை நானே வரவழைத்துக் கொடுத்தேன். அந்தத் தைரியசாலி நெல் மூட்டைகளுக்கு இடையில் புகுந்துகொண்டு, எஞ்சினை நிறுத்தினால்தான் வெளியே வருவேன் என்று அடம்பிடித்தது. மில் எதிரிலிருந்த டீக்கடையில் இது நல்ல வேடிக்கையாயிற்று.

“மருதையண்ணே, உனக்கு ஏத்த நாய் கோயில்லதான் இருக்கு. பைரவர் பக்கத்துல கல்லா நிக்குது பாரு, அதைப் பேத்துட்டு வா” என்றான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கோவிந்தராசு. அவன் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டு மருதையனும் சிரித்தார்.

ஆட்சி மாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அறுப்புக் கூலிக்காக வயல்வரப்புகளில் கொடி ஏறிக்கொண்டிருந்தது. வெளியூர் ஆட்களை இறக்குவதா, உள்ளூர் ஆட்களுக்குக் கூட்டிக் கொடுப்பதா என்று ஊர்தோறும் வழக்கு. நில உச்சவரம்பை இறக்கப்போகிறார்கள் என்ற பேச்சால் பெரிய பண்ணைகளில் உறக்கம் கெட்டிருந்தது. மிராசுதார் குஞ்சிதபாதம், தம் களத்தைக் காக்க ஒரு ராஜபாளையம் நாயை வாங்கினார். ஒரு மயிர்கூட நிறம் மாறாத பால்வெள்ளையாகவும், மூக்கு இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும் என்று தேடிப் பிடித்து வாங்கினார். ஆளுயரம் தாவும் என்று அதைப் பற்றி ஊரில் ஓர் அச்சம் பரவியிருந்தது.

அறுவடை தொடங்கிய காலையில் கோவிந்தராசுவின் தலைமையில் ஆட்கள் கொடியுடன் களத்துக்குள் நுழைந்தார்கள். கோஷம் வானைப் பிளந்தது. நாயோ வைக்கோல் போரின் மெத்தென்ற விளிம்பில் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தது. வழியில் கிடந்த அதைத் தாண்டிக்கொண்டே ஊர்வலம் போயிற்று.

“நாயும் நம்ம சங்கத்துல சேந்துடுச்சு போலருக்கே, ஐயா” என்றான் கோவிந்தராசு.

கூலி வழக்கு பிறகு பேச்சுவார்த்தையில் முடிந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் முடியவில்லை. சில நாளில் குஞ்சிதபாதம் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். அதன் தலைக்குப் பின்னால் நான் கைதட்டினேன், தட்டுகளை மோதினேன். அது என் முகத்தை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் தரை அதிரப் பாரவண்டி ஒன்று வந்து நின்றபோது மட்டும், கண்ணில் படுவதற்கு முன்பே அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. தூய வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு என்று மருத்துவர் விளக்கினார்.

“காது கேக்காத நாய் காவலுக்கு எதுக்கு? ஊசியைப் போட்டுடுங்க” என்றார் குஞ்சிதபாதம்.

அந்தப் பாரவண்டி ராவுத்தருடையது. குளம்பில் புண் கண்ட மாட்டைப் பிடித்துக்கொண்டு அதனுடன் வந்தவர் மருதையன். மிராசுதாரின் உதடுகள் சொன்னதை அவர் பார்த்துவிட்டார். மாட்டுக் கயிற்றைத் தூணில் சுற்றிவிட்டு அருகில் வந்து நின்றார்.

“எனக்குக் குடுத்துடுங்கய்யா. எனக்கும் காது கேக்காதுதான்.”

“ரெண்டு செவிடும் சேந்து என்னடா பண்ணுவீங்க?”

“சத்தம் போட்டுக்க மாட்டோம்யா.”

குஞ்சிதபாதம் சிரிக்காமலிருக்க முயன்றார், முடியவில்லை. சங்கிலியை நீட்டினார்.

நாய் மில்லில் நுழைந்த நாளை நான் நேரில் பார்த்தேன். மருதையன் அதைப் பலகையின் அருகில் உட்கார வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். தளம் நடுங்கியது. நாய் எழுந்தது, ஒவ்வொரு காலாக ஊன்றிப் பார்த்தது. பிறகு நெஞ்சும் வயிறும் தரையில் படியும்படி நீட்டிப் படுத்து, கண்களை மூடிக்கொண்டது. தாயின் மடியில் குட்டிகள் அப்படிப் படுப்பதைக் கண்டிருக்கிறேன். எஞ்சின் ஓடும் வரை அது உறங்கியது. எஞ்சின் நின்றதும் யாரோ எழுப்பியதுபோலத் தலையைத் தூக்கிற்று. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

அதை அழைப்பதற்கு அவர் பலகையில் குதிகாலால் ஒரு மிதி மிதிப்பார். நாய் திரும்பும். அந்த மிதி யாருடையது என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். நாய்க்கு என்ன பெயர் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“பேரு வச்சா கூப்பிடத் தோணும்ங்க. கூப்பிட்டு வராதவ ஒருத்தி போதும்” என்றார்.

சில ஆண்டுகள் இவ்வாறு நன்றாகவே போயின. பிறகு மில்லுக்கு மின்சார மோட்டார் வந்தது. ராவுத்தர் மருதையனை வேலையிலிருந்து நீக்கவில்லை; மாறாக, “இனிமே எண்ணெயில குளிக்க வேணாம் மருதையா, சுவிட்சப் போட்டா ஓடிடும்” என்று மகிழ்ச்சியோடு சொன்னார். எஞ்சினைச் சங்கிலி கட்டித் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். நன்னிலத்துப் பக்கம் யாரோ வாங்கியிருந்தார். பெல்ட் குழியை மூடிச் சிமெண்டு பூசினார்கள். பலகை நெல் அவிக்கும் அடுப்புக்குப் போக இருந்தது. மருதையன் அதைக் கேட்டு வாங்கித் தம் சாமான்களோடு வைத்துக்கொண்டார்.

மோட்டார் ஒரு மூலையில் மெல்ல முனகியது, தளம் அசையவில்லை. நாய் உறக்கத்தை இழந்தது. எஞ்சின் இருந்த இடத்தை மோந்து பார்க்கும், சுற்றிவரும், படுக்கும், உடனே எழுந்துவிடும். உடல் மெலிந்தது. ஒரு நாள் காணாமல் போயிற்று. தேடிப் போன மருதையன், ரயில் பாதையின் சரிவில் அதைக் கண்டார். கும்பகோணம் வண்டி அப்போதுதான் போயிருந்தது. நாய் சரளைக் கற்களின்மேல் வயிற்றைப் பதித்து ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் அதற்கு அதுவே வழக்கமாயிற்று. கட்டிப்போட்டால் சோற்றைத் தொடாது. அவிழ்த்துவிட்டால் பாதைக்குப் போய்விடும். ஒவ்வொரு நாளும் இன்னும் சற்று மேலேறித் தண்டவாளத்தின் பக்கம் நகர்கிறது என்றும், ஒரு நாள் சக்கரத்தில் போய்விடும் என்றும் ரயில்வே கேட் காவலர் சாமிதுரை எச்சரித்தார். மருதையன் வேலை முடிந்ததும் அங்கே போய், நாயின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு வண்டி கடக்கும் வரை உட்கார்ந்திருப்பார். அவர் மில்லில் இருக்கும் நேரத்துக்குத்தான் பாதுகாப்பு இல்லை. வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீடில்லாதவர்களுக்கு மனைப்பட்டா வழங்கும் உத்தரவு எங்கள் பகுதிக்கு வந்தது. உச்சவரம்புக்கு மேல் மிஞ்சியதென்று குஞ்சிதபாதம் ஒப்படைத்த நிலத்தில் மனைகளைப் பிரித்துக் குச்சி நட்டிருந்தார்கள். நிலம் ஒருபுறம் தார்ச்சாலையில் தொடங்கி மறுபுறம் ரயில் பாதையில் முடிந்தது. சாலையோர மனைக்கு எல்லோரும் ஆசைப்பட்டார்கள். கடை வைக்கலாம், பஸ் ஏறலாம். ஆகவே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்த வரிசையில் அவரவரே மனையைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று முடிவாயிற்று. கோவிந்தராசுதான் சங்கத்தின் சார்பில் முன்னின்று நடத்தினான். முதல் சீட்டு மருதையனுக்கு விழுந்தது.

எல்லோரும் சாலைப் பக்கம் பார்த்தார்கள். மருதையன் நாயைக் கையில் பிடித்தபடி எதிர்த்திசையில் நடந்தார். கடைசிக் குச்சியின் அருகில், ரயில் பாதைச் சரிவை ஒட்டி நின்று, இதுதான் என்று கையால் காட்டினார்.

அவருக்குக் கேட்கவில்லை போலும் என்றெண்ணி வருவாய் ஆய்வாளர் முன்னால் வந்து வாயை அகலத் திறந்து பேசினார். “பெரியவரே, அது ரயில் ரோட்டு ஓரம். வண்டி போனா வீடே ஆடும்ங்க.”

“ஆடணும்ங்க” என்றார் மருதையன்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கோவிந்தராசு சிரிக்கவில்லை. ஒரு சீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் கொடி பிடித்தோம் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. மருதையனின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “நாய்க்காகவா அண்ணே?” என்று கேட்டான்.

மருதையன், “அதுக்கு மட்டும் இல்ல” என்றார். கோவிந்தராசு பேரேட்டில் எழுதிக்கொள்ளும்படி ஆய்வாளரிடம் கையசைத்தான்.

நான் மாற்றலாகி வெளியூர் போய்விட்டேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்துக்காகப் பாபநாசம் வந்தபோது அந்த மனையைத் தேடிப் போனேன். மண்சுவரும் கீற்றுக்கூரையுமாகச் சிறிய வீடு. பாதைப் பக்கம் முள்வேலி கெட்டியாகப் போடப்பட்டிருந்தது. குஞ்சிதபாதம் மூப்பில் தடியூன்றி அவ்வப்போது வேலி வரை வந்து நாயைப் பார்த்துவிட்டுப் போவதாக வழியில் சாமிதுரை சொன்னார். அது இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்பாராம்.

கதவு திறந்தே இருந்தது. மருதையன் வாசலுக்கு முதுகு காட்டி, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் நாய் கிழமாகிப் படுத்திருந்தது. கூப்பிட்டுப் பயனில்லை என்பதால் உள்ளே கால் வைத்தேன். நிலைப்படியில் அந்தப் பழைய பலகையைப் பதித்திருக்கிறார் என்பதை நான் கவனிக்கவில்லை. கல்யாண வீட்டுக்காகப் போட்டிருந்த என் கனத்த செருப்பு அதன்மேல் ஓங்கி விழுந்தது.

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். நாய் வாலை ஆட்டியது. மருதையனின் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு மலர்ச்சி இருந்தது, இளமையானது, பசியோடிருந்தது. வெளிச்சத்தில் நிற்பது யார் என்று கண்கள் அறியும் வரை அது அங்கேயே இருந்தது. பிறகு மெல்ல அடங்கி, எனக்குப் பழக்கமான முகம் வந்தது.

“வாங்கய்யா, உக்காருங்க” என்றார். “இப்ப வண்டி வர்ற நேரம்.”

நான் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பலகையில் கால் படாமல் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன்.