சப்பட்டை மரத்துச் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். கட்டைவிரல் அளவுதான். முதுகு ரத்தச் சிவப்பு, தொண்டையில் ஊதா மினுக்கு. தேன்சிட்டு. "அது ஆம்பளக் குருவிடி" என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். ஆணோ பெண்ணோ, என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது அதுதான்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். வாரத்தில் ஒருநாள்தான் லீவு. அன்றைக்கும் விடியுமுன்னே பைனாகுலரை மாட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே என் அப்பா எனக்கு எழுதிவைத்த மாந்தோப்பு இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்தக் குருவி, மேலே காட்டில் பூ குறைந்ததும் எங்கள் சப்பட்டை மாமரங்களுக்கு இறங்கி வரும். மாம்பூவுக்காக அல்ல. கிளையில் ஒட்டிக்கொண்டு மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியின் பூவுக்காக. அதனால் என் தோப்பில் புல்லுருவியை வெட்டக் கூடாது என்று உத்தரவு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற மலையணிலுக்குச் சரணாலயம் வந்தபோது, "அணிலுக்குக் கேக்க ஆளிருக்கு, இதுக்கு யாரு இருக்கா?" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மனுஷன் மூன்று வேளையும் சாப்பிட்டார்.

ஐந்து வருடம் பொறுத்தேன். ஒரு தை மாதம், அவர் பகல் ஷிஃப்டுக்குப் போனதும் ஆளை வைத்து அத்தனை புல்லுருவியையும் அறுத்துத் தள்ளினேன். மொட்டும் பூவுமாகத் தரையில் கிடந்தது. வயிறு குளிர்ந்தது.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் ஐந்து வருடத்தைக் கொட்டியிருப்பேன். மொட்டைக் கிளைகளைப் பார்த்துவிட்டு, "பூ இல்லாட்டி அது எங்கிட்டுப் போகும்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகும் வாரா வாரம் அந்த மரத்தடியில்தான் போய் உட்கார்ந்தார். குருவி வந்தாலும் அங்கேதான், வராவிட்டாலும் அங்கேதான். தோற்றது நான்தான்.

மூன்றாம் வருடம் ஒரு கிளையில், அறுத்த இடத்திலேயே புல்லுருவி மறுபடி துளிர்த்திருந்தது. அரிவாளோடு ஏறப்போன தோப்பு ஆளை, "அது கிடக்கட்டும்ணே" என்று தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அடுத்த தையில் தண்ணீர் பாய்ச்சப் போன ஒரு காலை, தலைக்கு மேல் கீச்சென்று சத்தம். சக்களத்தி! மொட்டை அலகால் அமுக்கினாள். அது பட்டென்று வெடித்துத் திறந்தது. தலையை உள்ளே விட்டுக் குடித்துவிட்டு அடுத்த மொட்டுக்குப் போனாள். வெயில் பட்டதும் அந்த முதுகு என்னமாய்ச் சிவந்தது! உலை வைக்க வேண்டும் என்பதையும் மறந்து உச்சிப்பொழுதுவரை அங்கேயே நின்றேன்.

சாயந்தரம் ஷிஃப்டு முடிந்து வந்தவரிடம், "இன்னைக்கு வந்துச்சுங்க" என்றேன்.

முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. எனக்கா அதை அடையாளம் தெரியாது? ஐந்து வருடம் என் வயிற்றில் கிடந்து எரிந்ததாயிற்றே.

"எம்புட்டு நேரம் இருந்துச்சு?"

"செத்த நேரந்தான்" என்றேன்.