சித்தையன்கோட்டைக்குப் போன வானம்

திண்டுக்கல்லில் வால்வெள்ளியை முதன்முதலாகப் போட்டோ பிடித்தவன் நான்தான்.

பொய். பிடித்தவர் என் முதலாளி. அவர் பிடித்ததை இல்லாமல் ஆக்கியவன்தான் நான். இந்த இரண்டாவது வேலையைத் திண்டுக்கல்லில் முதன்முதலாகச் செய்தவன் நான் என்பதில் பொய் கிடையாது. வேறு ஊரிலும் யாரும் செய்ததாகக் கேள்விப்படவில்லை.

அறுபதுகளின் நடுவில், பேகம்பூர் போகிற வழியில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு டச்சிங் வேலை. நெகட்டிவைச் சாய்ப்பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, முகத்தில் கடவுள் விட்டுப்போன பிழைகளைத் திருத்துவதுதான் டச்சிங். வேண்டாத புள்ளி நெகட்டிவில் வெளுப்பாகத் தெரிந்தால் பென்சிலால் அடைக்க வேண்டும். கருப்பாகத் தெரிந்தால் கத்தியால் சுரண்ட வேண்டும். சவர பிளேடை ஒடித்து மூங்கில் குச்சியில் சொருகியதுதான் கத்தி. என் மொத்தப் படிப்பும் இவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், வாத்தியார்களைக் குரூப் போட்டோ எடுக்க முதலாளியின் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு. இந்த எழுத்தெல்லாம் ரொம்பப் பின்னால் கூட்டிக் கூட்டிக் கற்றது.

ஊரார் முகத்தையெல்லாம் திருத்திய என் முகம், அம்மி கொத்துகிறவன் முழு மனதோடு வேலை பார்த்த முகம். ஏழு வயதில் அம்மை போட்டது. எனக்கு முப்பத்திரண்டு வயதாகும்வரை இரண்டு இடத்திலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். முதல் வீட்டார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வீட்டார் காபியும் குடிக்கவில்லை.

அதனால் மூன்றாவது இடமான சித்தையன்கோட்டைக்கு முகத்தை அனுப்பாமல் போட்டோவை அனுப்பினேன். முதலாளிதான் எடுத்தார். டச்சிங் நான். மூன்று நாள் பென்சில் பிடித்தேன். முடிந்தபோது உரித்த நுங்கு மாதிரி இருந்தேன். எனக்கே எனக்குப் பெண் கொடுக்கலாம் என்று தோன்றியது. பெண்ணின் அப்பா கத்தரியும் தென்னையும் போட்டிருந்த விவசாயி. போட்டோவைப் பார்த்துவிட்டு, ஐப்பசியிலேயே முடித்துவிடலாம், ஒருநாள் நேரில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வருவதற்கு முன்னால் வால்வெள்ளி வந்துவிட்டது.

விடிவதற்கு முன்னால், கிழக்கே, தென்னைமரங்களுக்கு மேலே, விளக்குமாற்றைச் சாய்த்து வைத்த மாதிரி நின்றது. சித்தையன்கோட்டையிலிருந்து மார்க்கெட்டுக்குக் காய்கறி வண்டி ஓட்டிவருகிறவர் ஸ்டூடியோவுக்கு வந்து சேதி சொன்னார். வானத்தில் விளக்குமாறு நிற்கும்போது நல்ல காரியம் பேசக்கூடாது என்று பெண்ணின் அப்பாவுடைய அண்ணன் தம்பிகள் சொல்லிவிட்டார்களாம். அது போகட்டும், பார்ப்போம் என்றார்களாம். போகிற போக்கில் வண்டிக்காரர் இன்னொன்றும் சொன்னார். ஒட்டன்சத்திரத்திலிருந்து சொந்த லாரி வைத்திருக்கிற ஒருவரும் அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

நான் கணக்குப் போட்டேன். ஐப்பசி போனால் கார்த்திகை. அதுவும் போனால் மார்கழி. மார்கழியில் யாரும் கல்யாணம் பேச மாட்டார்கள். தை பிறப்பதற்குள் லாரி வந்து சேர்ந்துவிடும். என்னிடம் சைக்கிள்கூட இல்லை.

நான் வயிறெரிந்து பார்த்த அதே வால்வெள்ளியை முதலாளி புதுமாப்பிள்ளை மாதிரி பார்த்தார். கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி செய்தபோது முதலாளி ஒரு பித்தளை டெலஸ்கோப்பை ஏலத்தில் எடுத்து, கொடைரோடு வழியாகக் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வந்த புதிதில் எனக்கு அதில் நிலாவைக் காட்டினார். பார்த்தால், நிலாவுக்கும் அம்மை போட்டிருந்தது. சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. பௌர்ணமியில் வெளிச்சம் நேராக விழுவதால் குழி தெரியாது, பாதி நிலாவில் பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு குழியும் எழுந்து நிற்கும் என்று முதலாளி விளக்கினார். எனக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஸ்டூடியோவைச் சுற்றிக் கட்டடங்கள். என் வீடோ ஊருக்குக் கிழக்கே கடைசி. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் வானம் தரைவரைக்கும் தெரியும். "அப்பு, நாளைக்கு உன் வீட்டு மாடிலதான் சோலி" என்றார் முதலாளி. ஷோகேஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வால்வெள்ளியைப் பெரிசாக மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. என் எதிரிக்குப் போட்டோ எடுக்க என் வீட்டையே கொடுத்தேன். சம்பளம் தருகிற வாய்க்கு மறுத்துப் பேச முடியாது.

டெலஸ்கோப்பின் முதுகில், பிலிமுக்குப் பதில் கண்ணாடி பிளேட் போடுகிற கேமராவை வைத்து சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினோம். கேமரா ஐந்து நிமிஷம் கண் திறந்திருக்க வேண்டும். அதற்குள் வானம் நகர்ந்துவிடும். அதனால் ஒருவன் டெலஸ்கோப்புக்குள் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, அது விலகாதபடி குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவன் நான். நட்சத்திரம் விலகுகிறதா என்று தெரிய, கண் வைக்கிற இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முடி ஒட்ட வேண்டும். முதலாளிக்கு வழுக்கை. இரண்டும் என் முடி. இருட்டில் முடி தெரியாது. அதற்கு முதலாளி, குழாயின் முன்வாயில் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தார். அந்தச் சின்ன வெளிச்சத்தில் முடி இரண்டும் கோடாகத் தெரிந்தன.

முதல் நாள் எடுத்த பிளேட்டில் நட்சத்திரமெல்லாம் புழு. நான் தள்ளியது அப்படி. இரண்டாம் நாள், நடுவில் பக்கத்து வீட்டு அம்மா மாடிக்கு வந்து, ரெண்டு பேரும் அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லத் திரும்பினேன். அந்த பிளேட்டில் வால்வெள்ளிக்கு இரண்டு வால். மூன்றாம் நாள் மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினேன். முதலாளியின் ஊதுபத்தி எரிந்து விரலைச் சுட்டது. அவரும் அசையவில்லை.

அந்த பிளேட்டை டார்க் ரூமில் கழுவியதும் முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. நெகட்டிவில் வெளிச்சம் கருப்பாக விழும் அல்லவா, சுத்தமான கண்ணாடியில் கருப்பு விளக்குமாறு ஒன்று முழுசாக நின்றது. சுற்றிலும் கருப்புப் புள்ளிகள். பெரிய பேப்பர் வாங்க அவர் மதுரைக்குக் கிளம்பினார். "தூசி கீசி இருந்தா பாத்து எடுத்து வைலே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஜையில் அன்றைக்குப் பதினொரு நெகட்டிவ். பத்து, கல்யாண வீட்டுப் படங்கள். பத்து மாப்பிள்ளை, பத்துப் பொண்ணு. ஒவ்வொரு மாப்பிள்ளையையும் சுரண்டி அழகாக்கினேன். மனசு லாரியிலேயே இருந்தது. பதினொன்றாவது பிளேட்டை எடுத்தேன். எது தூசி, எது நட்சத்திரம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. கருப்பாக இருந்தால் கத்தி. புள்ளிகளையெல்லாம் எடுத்தேன். அதற்குப் பிறகு நடுவில் நீளமாக ஒரு கீறல் இருந்தது.

கை பழக்கத்தில் போய்விட்டது என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். பாதி வால் போகும்வரை அது உண்மை. பாதியில் எனக்கு நினைவு வந்தது. அறுந்த வாலோடு அது ஓணான் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மீதியையும் எடுத்துவிட்டேன். அந்த இரண்டாவது பாதியைச் சுரண்டியது கை மட்டும் அல்ல.

மறுநாள் முதலாளி பிரிண்ட் போட்டார். பெரிய பேப்பர், கீழே தென்னந்தோப்பு, மேலே சுத்தமான கருப்பு. ஒரு புள்ளிகூட இல்லை. அவர் திட்டவில்லை. ஈரப் பிரிண்டைக் கிளிப்பில் தொங்கவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் பெண்ணின் அப்பா, சித்தையன்கோட்டைக்காரர், உள்ளே வந்தார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. அவரை வரவைத்ததே எங்கள் மொட்டைமாடிதான். விடியற்காலையில் எங்கள் வீட்டுப் பக்கம் போகிற காய்கறி வண்டிக்காரர்கள், மாப்பிள்ளை மொட்டைமாடியில் ஊதுபத்தி காட்டி விளக்குமாற்றுக்குப் பூசை செய்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். பூசை இல்லை, போட்டோ என்று முதலாளி சொன்னார். எங்கே போட்டோ என்று அவர் கேட்டார். முதலாளி கையைக் காட்டினார்.

அவர் பிரிண்டின் முன்னால் போய் நின்றார். கருப்பு வானத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். நான் அனுப்பிய நுங்கு. அதைப் பார்த்தார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். மறுபடி வானத்தைப் பார்த்தார். விவசாயி. சொத்தைக் கத்தரிக்காயைக் காம்பைப் பார்த்தே சொல்கிறவர்.

"ஏன் மாப்ள," என்றார், "வானத்துக்கும் நீங்கதான் வேல பாத்தீகளோ?"

ஆமாம் என்றேன். அந்த மாசத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. சைக்கிள்கூட இல்லாதவனுக்கு இனி இந்த இடமும் இல்லை என்று தெரிந்துவிட்டது. காபி வாங்கிவரச் சொல்லலாமா, குடிப்பாரா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மை எந்த வயதில் போட்டது என்று கேட்டார். சொன்னேன். "அந்த லாரிக்காரரப் போயிப் பாத்துட்டுத்தேன் வாரேன். மூஞ்சி சுத்தம். வாயி சுத்தமில்ல" என்றார். இரண்டு நாளாக அவர்கள் பக்கம் மேகம் மூடிக் கிடக்கிறது, வானத்தில் அது இருக்கிறதா போய்விட்டதா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது என்றார். காய்ந்த பிறகு இந்தப் படத்தைக் கொடுக்க முடியுமா, அண்ணன் தம்பிகளுக்குக் காட்ட வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிரிண்டை இறக்கி, துடைத்துக் காயவைத்து, சுருட்டி, நூல் கட்டி அவர் கையில் கொடுத்தார். விரலில் ஊதுபத்திக் காயம் ஆறவில்லை. என் உசிரை அன்றைக்கு உண்மையாக வாட்டியது அந்த விரல்தான்.

வாசல்வரை போன பெரியவர் திரும்பினார். "ஒண்ணு மட்டும் மாப்ள. கலியாணப் போட்டோவுல கத்திய வச்சிராதீக. எம்மகளுக்குப் பொய்யி ஆகாது."

மேகம் விலகியபோது வால்வெள்ளி நிஜமாகவே போய்விட்டிருந்தது. ஆக, நான் சுரண்டியது பொய் என்றும் சொல்ல முடியாது, கொஞ்சம் முந்திவிட்டேன், அவ்வளவுதான். கார்த்திகையில் முகூர்த்தம்.

கல்யாணப் படத்தைத் தானே எடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். பெரிய மனசு என்று நினைத்தேன். முகூர்த்தம் முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் மண்டபத்தில் ஜன்னலோரம் நிறுத்தினார். பொண்ணுக்கு வெளிச்சம் நேராக விழுந்தது. என்னை மட்டும் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார். ஜன்னல் கதவில் ஒரு பக்கத்தைச் சாத்தினார். வெயில் என் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தது. எனக்குப் பாதி நிலா ஞாபகம் வந்தது. "அசையாதலே, அஞ்சு நிமிசம்" என்றார். கல்யாணப் படத்துக்கு அரை நொடி போதும். அவர் விரலைப் பார்த்தேன், அசையாமல் நின்றேன். நாலாவது நிமிஷத்தில், பக்கத்தில் நின்ற பொண்ணு முதன்முதலாக என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு—

"ஏங்க, இன்னும் எம்புட்டு நேரம் அந்த வாலப் புடிச்சிக்கிட்டு எழுதிக்கிட்டே உக்காந்திருப்பீக? தேங்காயச் சொரண்டிக் குடுத்தாத்தேன் வெஞ்சனம் வைக்க முடியும். அந்த வேலதேன் ஒங்களுக்கு நல்லா வருமே."

வாரேன்.