மஞ்சள் கோட்டில் ஒரு மூச்சு

சாஆ என்ற சின்ன ஊரில் இருக்கும் மலரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராலும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் விளக்குமாற்றோடு அவள்தான் முன்னால் நிற்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு சின்ன சிமெண்டு மேடு தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. கார் லைசன்ஸ் தேர்வில், அந்த மேட்டின் நடுவே மஞ்சள் கோட்டில் காரை நிறுத்தி, பின்னால் நழுவாமல் மறுபடி ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். மீசை முளைக்காத பயல்கள் எல்லாம் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். மலர் போனால் மட்டும் கிளட்ச்சை மிதிக்கும் கால் தந்தியடிக்கும், கார் பின்னால் வழுக்கும், அன்றைய கதை முடிந்தது.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது. பக்கத்து ஊரான லாபிஸில், சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. விடியற்காலை ஷிப்டுக்கு அவளையே பொறுப்பாகப் போடப் போகிறார்கள். ஆனால் அந்நேரத்துக்கு பஸ் ஏது? கணவன் ரூபேந்திரனோ வாரமெல்லாம் சிங்கப்பூரில். மாதக் கடைசிக்குள் லைசன்ஸ் இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருத்திக்கு. எத்தனை வருஷமாக ஆசைப்பட்ட இடம்!

வேடிக்கை என்னவென்றால், பயந்தவர்களைத் தேற்றுவதுதான் அவள் பிழைப்பே. ஊசியைக் கண்டதும் படபடக்கிறவர்களிடம் "பயப்படாதீங்க" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் பயம் கேட்டுவிடுமா? பக்கத்தில் உட்கார்ந்து, "சுடச்சுட கோப்பிய சாசர்ல ஊத்தி ஆத்துவீங்கல்ல, அந்த மாதிரி மெதுவா ஊதுங்க" என்பாள். மூச்சு உள்ளே போவதைவிட வெளியே போவது நீளமாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுத் துடிப்பு அடங்கும், சில்லிட்ட கை சூடாகும், ஆள் பேச ஆரம்பிப்பார். இந்த வித்தையெல்லாம் ஊருக்குத்தான். தனக்கென்று வந்தால் அம்மாள் என்ன செய்வாள் தெரியுமா? தேர்வு நாளில் தெம்புக்கென்று பால் விடாத கெட்டிக் கோப்பி ஓ ஒரு பெரிய கப் குடித்துவிட்டுப் போவாள். இருக்கிற படபடப்பு போதாதென்று!

இந்த முறை தேர்வுத் திடலுக்கும் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த முஸ்தபா பாய் அவள் கை ஆடுவதைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். "அலமாக்! மறுபடியும் கோப்பியா? காரை நீ ஓட்டப் போறியா, கோப்பி ஓட்டப் போவுதா?"

"சும்மா இருங்க பாய், நீங்க வேற" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் ஒரு பெண், ஃபரீஹாவாம், இருபது வயசிருக்கும், தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். சுற்றியிருந்தவர்கள் ஆளாளுக்கு "பயப்படாத, பயப்படாத" என்று சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு முட்டியது. மலருக்குப் பொறுக்கவில்லை. பட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"இங்க பாரு கண்ணு. சூடான கோப்பி முன்னாடி இருக்கு. ஊதி ஆத்து. அவசரமில்லலா. ஆண்ட்டியும் கூட ஊதுறேன்."

இரண்டு பேரும் உட்கார்ந்து இல்லாத கோப்பியை ஆற்றினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஃபரீஹா எழுந்து போனாள், காரை மேட்டில் ஏற்றினாள், மறுபக்கம் இறங்கிக் கட்டைவிரலைக் காட்டினாள்.

அடுத்து மலரின் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் தன் கையைப் பார்த்தாள். நடுக்கத்தைக் காணோம்! அடிப்பாவி, இத்தனை நாள் இதை உனக்கே செய்துகொள்ளத் தோன்றவில்லையா என்று தன்னையே திட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

மஞ்சள் கோட்டில் காரை நிறுத்தினாள். பழைய புத்தி போகுமா, கால் மெல்ல ஆட ஆரம்பித்தது. முன்பென்றால் விட்டால் போதும் என்று ஆக்சிலேட்டரை மிதித்திருப்பாள். இப்போது ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி உதட்டைக் குவித்து ஊதினாள்.

"காக், போலே ஜாலான்!" அக்கா, போகலாம் என்று மேட்டோரம் நின்ற அதிகாரி மலாயில் சொல்லிக் கையசைத்தார்.

மலர் 'இருங்க' என்பதுபோல் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மிச்ச மூச்சையும் ஊதி முடித்தாள். வேலி ஓரம் நின்ற முஸ்தபா பாய்க்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவளுக்கோ அப்போதுதான் இன்ஜின் சத்தம் சரியாகக் காதில் விழுந்தது. பயம் எங்கும் போய்விடவில்லை, இருந்தாலும் கால் அவள் சொன்னதைக் கேட்டது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும் சந்தோஷம் தாங்காமல் காருக்குள்ளேயே குலவை போட்டாள் பாருங்கள், அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பினார்.

மற்றதெல்லாம் கடகடவென்று முடிந்தது. சாலையில் ஓட்டிக் காட்டியதிலும் தேறிவிட்டாள். போனில் ரூபேந்திரனிடம் பேச வாய் வராமல் அழுதாள். அவன் பாவம், "பரவால்ல விடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று தேற்றிக்கொண்டே இருந்தான்.

புது ஷிப்டின் முதல் நாள், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே விளக்குப் போட்டுக்கொண்டு லாபிஸுக்குத் தனியாக வந்து சேர்ந்தாள். நிலையத்தின் கேட் தெரிந்தது. திரும்புவதற்கு சிக்னலும் போட்டாள். வேலைக்கு இன்னும் நேரம் இருந்தது. சிக்னலை அணைத்துவிட்டு, கேட்டைத் தாண்டி, ரயில்வே ஸ்டேஷன் வரை போய் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு காரியமும் இல்லை, சும்மாதான்.