டீச்சர் வீட்டுப் பிள்ளை

சுகுணாவுக்குப் பலூன் என்றாலே ஆகாது. ஊதி ஊதிக் கன்னமெல்லாம் வலி. அந்த ரப்பர் வாடை மதியச் சோற்றிலும் கூடவே வருகிறது. ஆனால் இந்த மலையில், வளப்பூர் நாட்டு ஊர்களில் அவளைவிட அதிகம் பலூன் ஊதிய மனுசி வேறு யாரும் இருக்க முடியாது. அங்கன்வாடி டீச்சர் என்றால் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மதியம் சோறு போட்டுத் தூங்க வைத்தால் வேலை முடிந்தது என்று வெளியிலிருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கட்டும், தெரியும். எடை பார்க்க வேண்டும், உயரம் பார்க்க வேண்டும், கர்ப்பிணிகள் வீடு வீடாக மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கொடுத்ததைப் போட்டோ பிடித்து ஏற்ற வேண்டும். போட்டோ ஏற வேண்டுமென்றால் சிக்னல் கிடைக்கிற ரோட்டு வளைவுவரைக்கும் அவளும் ஏற வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் மாதாமாதம் பிறந்தநாள் விழா வேறு. இதை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. தானே இழுத்து விட்டுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் செய்யப் போகிறார்கள் என்ற ஆர்வத்தில், அந்த மாதம் பிறந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து, தலையில் அட்டைக் கிரீடம் மாட்டி, கேசரி கிண்டிக் கொடுத்தாள். ஒருமுறை செய்ததுதான் பாக்கி, ஊர் பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் தள்ளிப்போனால் அம்மாக்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். சுவரில் யானை வரைந்ததும் அவள்தான். அதைப் பன்றி என்று பிள்ளைகள் அடையாளம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதும் அவள்தான். கூரையில் தொங்குகிற காகிதப் பூ, பழைய சேலைக் கரையில் தைத்த திரை, காலண்டர் படத்தில் வெட்டி ஒட்டிய கிளி எல்லாம் அவள் கைவேலை. கை ஓய்ந்த நேரம் என்று ஒன்று அவளுக்கு இருந்ததாக யாரும் பார்த்ததில்லை.

அவள் இந்த மலைக்காரிதான். பிறந்தது திருப்புலி நாடு. முள்ளுக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தாள். முரளிக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தாள். முரளிக்கு மிளகுக் கொடியும் கொஞ்சம் மரவள்ளியும். தை பிறந்துவிட்டால் மிளகு பறிப்பு, மரவள்ளி லோடு என்று அவனைக் கண்ணில் காண முடியாது. ஒரே மகள். பாவை என்றும் மலையில் சொல்கிற எட்டுக்கை அம்மன் மேல் முரளிக்கு இருந்த பக்தியில் அவளுக்கும் பாவை என்றே பெயர். இப்போது அதே அங்கன்வாடியில்தான் இருக்கிறாள். வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு.

பாவைக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. சுகுணா போட்டது. ஒருநாள் முட்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ருக்குமணி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“டீச்சர் புள்ளைக்குன்னா நல்ல பெரிய முட்டையாப் பாத்து எடுப்பாங்க.”

விளையாட்டுப் பேச்சுதான். ருக்குமணி அதை வாசல் தாண்டும்போதே மறந்திருப்பாள். சுகுணாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இந்த மலையில் பேர் கெட்டுப்போக ஒரு முட்டை போதும். மறுநாளே மகளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள். இங்கே அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர்தான். எது கொடுத்தாலும் நீ வரிசையில் கடைசி. தீர்ந்துபோனால் கேட்கக் கூடாது, அழக் கூடாது.

பிள்ளை அழும், பிடிவாதம் பிடிக்கும் என்றுதான் நினைத்தாள். பாவை ஒன்றும் செய்யவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டாள். காலையில் வாசற்படி மிதித்தால் டீச்சர், சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் அம்மா. ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு சுகுணா ஆரம்பத்தில் பெருமைகூடப் பட்டாள். பிறகு பிறகுதான் அந்த ‘டீச்சர்’ காதில் உறுத்த ஆரம்பித்தது.

மார்கழியில் ஒரு சாயங்காலம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிய பிறகு பாவை கேட்டாள்.

“அம்மா, என் பொறந்தநாளுக்கு மட்டும் நீ டீச்சரா இருக்காத. அம்மாவா இரு.”

“சரி கண்ணு.”

“நம்ம ஊட்டுலதான் கேக்கு வெட்டோணும். எனக்குத்தான் முதல்ல ஊட்டோணும்.”

“சரி சாமி. உனக்குத்தான் முதல்ல.”

முந்தைய இரண்டு பிறந்தநாளும் அங்கன்வாடி சென்டரிலேயே மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் போய்விட்டது. இந்த முறை விடக் கூடாது என்று சுகுணா வைராக்கியம் வைத்துக்கொண்டாள். அடுத்த வருசம் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அப்புறம் கேட்குமோ கேட்காதோ. இந்த ஒரு நாளையாவது அதற்குக் கொடுக்காவிட்டால் பிறகு எதைக் கொடுத்து என்ன. மேற்பார்வை செய்கிற மைதிலி மேடத்திடம் போனில் கெஞ்சி ஒரு நாள் லீவு வாங்கினாள். ராசிபுரத்திலிருந்து மலையேறி வருகிற மேடம். தனக்கும் இரண்டு பிள்ளைகள் என்பதால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சரி என்றார்.

பிறகு வீடு. மிளகு மூட்டை போடுகிற சின்ன அறையை பாவையின் அறையாக்குவது என்று முடிவு. மூட்டைகளை ஒரு பக்கம் அடுக்கி, செம்மேட்டில் வாங்கிவந்த ரோஸ் பெயின்டைத் தானே அடித்தாள். விடிகாலையில் கொஞ்சம், சாயங்காலம் சோறு வேகிற நேரத்தில் கொஞ்சம். மேலே மேகம் வேண்டும் என்றாள் பாவை. அண்ணாந்து மேகம் போட்டதில் சுகுணாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் திரும்பவே முடியவில்லை. மிளகுத் தூசிக்குத் தும்மல் வேறு. சென்டரில் பத்து நிமிசத்தில் வெட்டுகிற வண்ணத்துப்பூச்சி, வீட்டில் வெட்ட உட்கார்ந்தால் கத்தரிக்கோலோடு கண் சொக்கியது.

“மூட்டைக்கெல்லாம் ரோஸ் கலரு கேக்குதா?” என்று முரளி கிண்டல் செய்தான். ஆனால் பழைய கட்டிலை இழுத்துப் போட்டு, ஆடுகிற காலுக்கு ஆப்பு வைத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

எல்லாம் முடிந்தது. கேக் சொல்லியாயிற்று. பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது செல்லமுத்து பெரியப்பா செத்துப்போனார்.

முரளிக்குப் பங்காளி. வயதான மனிதர், நல்ல சாவு. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் பங்காளி வீட்டில் இழவு விழுந்தால் கருமாதி முடிகிறவரை எல்லாப் பங்காளி வீட்டுக்கும் தீட்டு. இனிப்புச் செய்யக் கூடாது, தோரணம் கட்டக் கூடாது, நல்லது எதுவும் நடத்தக் கூடாது. இழவு வீட்டிலிருந்து வந்து தலைக்குக் குளித்துவிட்டு, முரளி அறை வாசலில் நின்று மேகத்தைப் பார்த்தான்.

“அடுத்த வருசம் பாத்துக்கலாம், சுகுணா. இப்ப பலூனு கட்டுனா ஊரு காறித் துப்பும்.”

அவளுக்கும் தெரியும். சண்டை போடத் தெம்பில்லை. ஒட்டிய வண்ணத்துப்பூச்சிகளை அவளே ஒவ்வொன்றாக உரித்தெடுத்தாள். பெயின்டை உரிக்க முடியாது, கதவைச் சாத்தி வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த அலுப்பில், பேசாமல் தானும் அந்த மூட்டைகளோடு போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

மறுநாள் சென்டரில் ஆயா கண்ணாயி விசயத்தைக் கேட்டாள். சமையல், கூட்டிப் பெருக்குவது எல்லாம் அவள்தான். பேச்சும் அவள்தான்.

“ஏனுங்க டீச்சர், தீட்டு உங்க ஊட்டுக்குத்தானுங்க. சென்டரு கவருமென்டு கட்டடம். அதுக்கு எந்தப் பங்காளிங்க? கேக்கைக் கொண்டாந்து இங்க வெட்டீட்டுப் போங்க.”

நல்ல கூத்து என்று சுகுணா நினைத்தாள். ஆனால் யோசிக்க யோசிக்க அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது. முரளியும் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, “சென்டர்ல நீ பண்ணுறது உன் உத்தியோகம். அதை நான் ஏன் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டான்.

பாவைதான் முகத்தைப் பார்த்தாள். “அப்ப நீ டீச்சராத்தான் இருப்பியா?”

“இல்ல கண்ணு. அன்னைக்கு எனக்கு லீவு. கண்ணாயி அக்காதான் எல்லாம் பாத்துக்கும். நான் வெறும் அம்மா. உனக்குத்தான் முதல்ல ஊட்டுவேன்.”

லீவு போட்டுவிட்டு வேலை செய்கிற இடத்துக்கே போன ஆள் மலையில் அவளாகத்தான் இருக்கும். டீச்சர் சேலை கட்டவில்லை. கல்யாணத்துக்குப் போகிற நீலச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டாள். பாவைக்குப் புதுப் பாவாடை. உரித்தெடுத்த வண்ணத்துப்பூச்சிகளை சென்டர் சுவரில் மறுபடி ஒட்டினாள். பலூனும் அவள்தான் ஊதினாள், கண்ணாயிக்கு ஆஸ்துமா.

வீட்டுக்கென்று சொன்ன கேக், சின்னதுதான். சென்டர் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாக வந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் சேதி ஊருக்குள் போயிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் அண்ணனையும் அக்காளையும் இடுப்பில் ஒரு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றது. வா என்று கூப்பிட்டாயிற்று, போ என்று சொல்ல முடியுமா.

கேக்கை மேசையில் வைத்ததிலிருந்து சுகுணாவுக்கு நிற்க நேரமில்லை. நீலச் சேலையை எந்தப் பிள்ளை கண்டது. டீச்சர், ஒண்ணுக்கு வருது. டீச்சர், இவன் என் பலூனை உடைச்சுட்டான். டீச்சர், இந்தப் பாப்பா மூக்கு ஒழுகுது. கண்ணாயி அடுப்படியில் சோறு இறக்கிக்கொண்டிருந்தாள். மூக்கைத் துடைத்துவிட்டு, உடைந்ததற்கு வேறு பலூன் கொடுத்து, ஒருவனைப் பின்பக்கம் கூட்டிப்போய் வந்து, ஒருவழியாக மெழுகுவர்த்தி ஏற்றினாள். எல்லோரும் பாடினார்கள். பாவை ஊதினாள். கையைப் பிடித்து வெட்ட வைத்தாள். முதல் துண்டை எடுத்தாள். பாவை வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பொடியன் சூடு ஆறாத மெழுகுவர்த்தியைப் பிடுங்கிவிட்டான். கத்தல் கூரையைப் பிய்த்தது. சுகுணா பாய்ந்து அவனைத் தூக்கி, விரலை ஊதி, ஊதி, ஒன்றுமில்லை சாமி என்று சமாதானம் சொல்லி, கையிலிருந்த துண்டை அவன் வாயில் வைத்தாள். கத்தல் நின்றது. மற்றது அத்தனையும் மேசையைச் சுற்றி நெருக்க ஆரம்பித்தது. கேக் கீழே விழப்போனது.

“வரிசை. எல்லாரும் தட்டு எடுத்துட்டு வரிசையில நில்லுங்க.”

வாய் தானாகச் சொல்லியது. வரிசை தானாக நின்றது. சுகுணா வெட்ட ஆரம்பித்தாள். வெட்டுவதும் வைப்பதும் கைக்குத் தெரிந்த வேலை, முகம் பார்க்கத் தேவையில்லை. தட்டு வரும், துண்டு விழும், தட்டு நகரும். துண்டுகள் சின்னதாகிக்கொண்டே போயின. இடுப்பு விண்ணென்று தெறித்தது. சீக்கிரம் முடிந்தால் எங்காவது உட்காரலாம் என்பது தவிர அவள் மனதில் வேறு ஒன்றுமில்லை.

கடைசியில் அட்டையில் ஒட்டியிருந்த கிரீமையும் வழித்து ஒரு தட்டில் வைத்தாள். அதற்குப் பின்னால் இன்னும் ஒரு தட்டு நீண்டது.

“தீந்துபோச்சு. உனக்கு அப்புறம்” என்றாள்.

“சரிங்க டீச்சர்” என்றது தட்டு.

நிமிர்ந்து பார்த்தாள். கிரீடம் மாட்டிய பாவை. புதுப் பாவாடை. கை அகலத் தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு, கழுவி வைக்கிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை. கோபம் இல்லை. அதுதான் சுகுணாவைப் போட்டு அறுத்தது. அழுதிருந்தால்கூடத் தேவலாம்.

“பாவை, அம்மாகிட்ட வா.”

பாவை நின்றாள். சுற்றிலும் கேக் தின்றுகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். வேகமாக வந்து, எக்கி, அம்மாவின் காதில் ரகசியமாகச் சொன்னாள்:

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். எல்லாரும் இருக்கறாங்க.”

சுகுணா கத்தியை மேசையில் போட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவில்லை. பிள்ளைகள் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. அண்ணனும் அக்காளும் பார்த்தார்கள். அடுப்படி வாசலில் கரண்டியோடு கண்ணாயி பார்த்தாள். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், நாளைக்கு என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்று சுகுணா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாவை சாயவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, வேறு யாருடைய மடியிலோ உட்கார்ந்ததுபோல் விறைப்பாக இருந்தாள். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

“எறங்கிக்கட்டுங்களா, டீச்சர்?”

“இரு கண்ணு” என்றாள் சுகுணா. கையை எடுக்கவில்லை.