கூப்பிட்டால்தான் வருவோம்

அம்மா செத்துக் கிடக்க, ஒரு பெண் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறிப்போய் துக்கத்துக்கு வரச் சொல்லி அழைத்தாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

நான் பந்தல்காரன். சேலையூர்ப் பக்கம் கடை. ஷாமியானா, நாற்காலி, மேஜை, ஐஸ் பெட்டி, எல்லாம் வாடகைக்கு. ஒரு குடும்பத்துக்கு ஊரில் என்ன மதிப்பு என்பதை நாற்காலியைப் பார்த்தே சொல்லிவிடலாம். குழம்பு கொட்டின நாற்காலியைக் கழுவிக் கழுவிக் கை வெந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். யாருமே உட்காராமல், போட்டது போட்டபடி திரும்பி வந்த நாற்காலியை அடுக்கியிருக்கிறீர்களா? அது இன்னும் கனம்.

மொட்டை மாடிப் பந்தல்

சுகாந்த் ஒடிசாக்காரன். மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. மனைவி மினாட்டி. எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டில் குடி வந்தார்கள். தெருவுக்கு அவர்கள் ‘இந்திக்காரங்க’. பேசுவது இந்தி இல்லை, ஒடியா என்று அவன் சொல்லிப் பார்த்தான். எல்லாம் ஒன்றுதான் என்று விட்டார்கள். நம்மை எவனாவது மதராஸி என்றால் மட்டும் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மினாட்டியின் அம்மா ஊரிலிருந்து துணைக்கு வந்தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்த்துச் சிரிப்பாள். பதிலுக்குச் சிரித்தவர்கள் குறைவு.

குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாள். மொட்டை மாடியில் பந்தல் போடச் சொன்னான் சுகாந்த். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் பூப்போட்ட படம் ஒன்றை அனுப்பி எல்லாரையும் அழைத்திருந்தான். கம்பெனி நண்பர்கள் சிலர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். தெருவிலிருந்து ஒருத்தர் வரவில்லை. பூரி விறைத்துப்போனது. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தம்மா எழுந்து நிற்பாள். ஏறி வருவது என் ஆளாக இருக்கும். மறுபடி உட்காருவாள்.

சாயங்காலம் கஸ்தூரியிடம் கேட்டேன், ஏன் போகவில்லை என்று. கஸ்தூரி தெருமுனையில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். அவள் போகாத வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். அவள் வாய் அப்படி. மாவை அள்ளிக்கொண்டே சொன்னாள்:

“போன்ல பொம்மை அனுப்ச்சா போய்டணுமா? வாசப்படி ஏறி வந்து, குங்குமம் குட்த்து கூப்ட்டாளா? கூப்ட்டாதான் வருவாங்க. எங்களுக்கு மட்டும் மரியாத கிடையாதா?”

மாவுக் கடையில் பாடம்

அதையே மினாட்டி மாவு வாங்க வந்தபோது அவள் முகத்துக்கு நேராகவும் சொன்னாள் கஸ்தூரி. வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லையென்றால் சண்டை போட்டிருப்பாள். இவள் நின்று கேட்டுக்கொண்டாள். எப்படிக் கூப்பிட வேண்டும், சொல்லிக்கொடுங்கள் என்று கையாலும் வாயாலும் கேட்டாள்.

கஸ்தூரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடையில் வைத்தே சொல்லிக்கொடுத்தாள். தட்டில் குங்குமம் வை. வாசலில் நின்று பேசாதே, உள்ளே போய்ச் சொல். ஒவ்வொரு வீட்டிலும் இதைத்தான் சொல்ல வேண்டும்: ‘அக்கா, எங்க வீட்டுக்குக் குடும்பத்தோட அவசியம் வந்துடுங்க.’ மினாட்டி அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். மாவு வாங்க நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற நாள் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு ஒரு வீடு விடாமல் போனாள். அந்த ஒரே வாக்கியம். இந்தத் தடவை வந்தார்கள். உட்கார்ந்தவர்கள் கொஞ்சம், நின்றபடி குழந்தைக்குப் பணம் திணித்துவிட்டு இனிப்பைக் கவரில் போட்டுக்கொண்டு போனவர்கள் அதிகம். அதற்கே அந்தம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். கஸ்தூரி போகும்போது என்னிடம் சொன்னாள்:

“பார்த்தியா பெருசு, சொல்லிக்குட்த்தா கத்துக்குது.”

நெல் வயல்காரர் வீட்டுச் சாவு

தெருவில் பெரிய கை ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் இங்கே நெல் போட்டவர், பிறகு அதையே மனை போட்டவர். தெருவில் பாதி வீடு அவர் மண்ணில்தான் நிற்கிறது. அவர் செத்தபோது தெரு நீளத்துக்குப் பந்தல். கடையில் இருந்த நாற்காலி போதாமல் வெளியில் வாடகைக்கு எடுத்தேன்.

சாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. காதில் விழுந்தால் போக வேண்டியதுதான். ஒடிசாவிலும் அப்படித்தானாம். அதனால் சுகாந்தும் மினாட்டியும் வந்தார்கள். கையில் மாலை. பந்தலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு ஓரமாக நின்றார்கள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

செத்தவரின் மருமகன் வெளியூர். அவனுக்கு இவர்களைத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. கூட்டத்தில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டான். சுகாந்த் அதை மினாட்டிக்கு அவர்கள் பாஷையில் சொன்னான். அவள் தலையாட்டினாள், புரிந்தது என்பதுபோல. மாலையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு இருவரும் போய்விட்டார்கள். மருமகன் கேட்டது இதுதான்:

“யாருப்பா நீங்க? உங்கள யாரு கூப்ட்டது?”

கார் நிறுத்துகிற இடம்

மினாட்டியின் அம்மாவுக்கு ஒரு காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. சுகாந்த் எனக்குப் போன் செய்தான். ஐஸ் பெட்டியும் நாற்காலியும் கொண்டுபோனேன்.

வீட்டுக்காரர் கீழ்வீட்டில் இருக்கிறார். கெட்டவர் இல்லை, பயந்தவர். மாடிக்கு ஏற்ற வேண்டாம், கீழே கார் நிறுத்துகிற இடத்தில் வையுங்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள் என்றார். வைத்தோம். சுகாந்த் சுடுகாட்டுக்குச் சொல்ல ஓடினான். மினாட்டி இடுப்பில் குழந்தையோடு பெட்டி பக்கத்தில் நின்றாள்.

நாற்காலியை வரிசையாகப் போட்டேன். எல்லாம் காலி. எதிர்வீட்டு ஜன்னலில் தலை தெரிந்தது, பக்கத்து மாடியில் தலை தெரிந்தது. இறங்கி வரத்தான் ஆள் இல்லை. அவர்கள் முறை நமக்குத் தெரியாது என்று ஒருத்தர், அவர்களுக்குப் பிடிக்குமோ என்னமோ என்று ஒருத்தர். போகாமல் இருக்க நமக்குக் காரணமா கிடைக்காது?

பெண் உடம்பைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். புதுச் சேலை கட்ட வேண்டும். ஒருத்தி தனியாகச் செய்கிற காரியமா அது? அவளுக்கு இந்த ஊரில் உறவுப் பெண் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அம்மாவை அழுக்குச் சேலையோடு அப்படியே அனுப்ப வேண்டியிருக்குமோ என்று அவள் பயந்தது முகத்தில் தெரிந்தது. வாசலையே பார்த்தாள். வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

“அவங்க ஆளுங்க யாராவது வருவாங்க இல்ல?”

அழைப்பு

கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பாத்திரம் ஏதாவது கேட்கப் போகிறாள் என்று நினைத்து, தூக்கி வர நானும் பின்னால் போனேன்.

முதல் வீட்டுப் படியில் ஏறினாள். சொன்னாள்: “அக்கா, அம்மா செத்துப்போச்சு. எங்க வீட்டுக்குக் குடும்பத்தோட அவசியம் வந்துடுங்க.”

அவளுக்குத் தெரிந்த தமிழ் அதுதான். நல்லதுக்குக் கூப்பிடாததால் நாம் போகவில்லை. துக்கத்துக்குப் போனபோது உன்னை யார் கூப்பிட்டது என்றோம். பெண் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறாள். இந்த ஊரில் எதற்குமே கூப்பிட்டால்தான் வருவார்கள் போலிருக்கிறது, நாம் கூப்பிடாததுதான் குற்றம் என்று முடிவு செய்துவிட்டாள்.

சாவு வீட்டுப் பெண், பிணம் எடுக்கும் முன்னால், அடுத்த வீட்டுப் படி ஏறலாமா? தெரு அலறியது. அந்த முதல் வீட்டுப் பெண் பின்னால் நகர்ந்து, “உள்ள வராதம்மா, வூட்ல சாமி கீது” என்றாள். அடுத்த வீட்டில் கேட்டைச் சாத்தினார்கள். அதற்கடுத்த வீட்டில் உள்ளே டிவி சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. அவள் ஒவ்வொரு மூடின கதவுக்கு முன்னாலும் நின்று அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். ஒரு வார்த்தை குறைத்தால் மரியாதை குறைந்துவிடும் என்பது மாதிரி.

கடைசியில் மாவுக் கடை. கஸ்தூரி கிரைண்டர் பக்கத்தில் நின்றாள், முழங்கை வரை மாவு. மினாட்டி சொல்லி முடித்ததும் கிரைண்டரை நிறுத்தினாள்.

“அடிப்பாவி, சாவுக்கு யாராச்சும் கூப்டுவாங்களா? உன்ன யாருடி கூப்பிட வரச் சொன்னது?”

மினாட்டி ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“அக்கா, நீங்கதான்.”

நடுத்தெருவில்

கஸ்தூரி கையைக்கூடக் கழுவவில்லை. கடை ஷட்டரை இழுத்துச் சாத்தினாள். குழந்தையை வாங்கி என் கையில் கொடுத்தாள். மினாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள். சாத்தின கேட்டை எல்லாம் உள்ளங்கையால் அறைந்தாள். மாவு அச்சு விழுந்தது.

“வெளிய வாங்கடி! பெத்தவள பறிகுட்த்துட்டு நிக்கிறா, நம்ம வாசல்ல வந்து அழைப்பு வெக்கிறா. நாளைக்கு நம்ம வூட்ல ஒண்ணு ஆனா, நாமளும் இப்டி வாசல் வாசலா போய் நிக்கணுமா? வெக்கமா இல்ல? ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கினு வாங்க!”

வந்தார்கள். முதல் வீட்டுப் பெண்தான் முதலில். கையில் சொம்பு, கண் தரையில். வீட்டுக்காரர் தானாகவே மோட்டார் போட்டார். நாலு பக்கமும் புடவையைப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்றும் முன் கஸ்தூரி மினாட்டியிடம், “உங்க ஊர்ல எப்டி செய்வாங்க? மஞ்சளா, எண்ணெயா? சொல்லு, அப்டியே செய்யலாம்” என்று கேட்டாள். அதுவரை அழாத பெண் அப்போதுதான் உடைந்தாள். அந்தக் குரலை எழுத எனக்குத் தெரியாது.

சுகாந்த் வண்டியோடு வந்து சேர்ந்தான். தூக்க ஆம்பிளைகள் நான் நீ என்று வந்தார்கள். தினமும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சிரித்த அந்தம்மாவின் முகத்தைப் பலர் அன்றைக்குத்தான் நின்று பார்த்தார்கள். நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. நான் வழக்கம்போல ஓரமாக நின்றேன், பந்தல்காரன் உட்காருவதில்லை. கஸ்தூரி விடவில்லை.

“இன்னா பெருசு, உனக்கும் வந்து கூப்டணுமா? உக்காரு.”

உட்கார்ந்தேன்.

வந்து சேர்ந்தவர்களை எங்கள் தெருவில் தள்ளிவைக்கவும் ஒரு ஆள் சொல்ல வேண்டும், சேர்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் சொல்ல வேண்டும். நல்லவேளை, இரண்டுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரே ஆள்தான், மாவுக் கடை கஸ்தூரி.