யானைக் காவலும் என் ஹோர்மோனும்

சந்தோஷத்தில் எழுதுகிறேன்: எனக்கு இன்னும் வயது போகவில்லை போலிருக்கிறது!

ஐம்பத்தைந்தில் உடம்பிலும் தெம்பில்லை, மனைவி மீதும் ஆசையில்லை. இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோனும் குறைவு. இன்று மனைவியோடு மட்டக்களப்புக்குப் போய் டொக்டரிடம் அதற்கு ஊசி கேட்டேன்.

"ரத்தம் குடுக்க முதல்நாள் நல்லா நித்திரை கொண்டீங்களா?" என்று கேட்டார்.

"எங்க டொக்டர்! கிரான் வட்டை வயலுக்குள்ள யானை இறங்காம விடிய விடிய காவல். வயலால நேரா வந்துதான் குடுத்தன்."

அவர் சிரித்துவிட்டார். "நித்திரை இல்லாட்டி அது குறையும். ரெண்டு கிழமை வீட்ட படுங்க. பிறகு காலையில திரும்ப ரத்தம் பாப்பம். அப்பவும் குறைவெண்டா மருந்தப் பத்திக் கதைப்பம்."

பஸ்ஸில் மனைவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "இண்டைக்கே வீட்ட படுங்க," என்றாள்.

காவலுக்குப் போகச் சொல்லி மச்சானுக்குக் கோல் எடுத்தேன். "ஏன் அத்தான்?" என்றான்.

அவனிடம் காரணம் சொல்ல வெட்கமாக இருந்ததால் கோலை வைத்துவிட்டு இங்கே எழுதுகிறேன். இன்றைய காவலுக்கு யார் வருகிறீர்கள்?