நான் அடிக்காத கற்கள்

1

“நாளைலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்.”

பட்டணத்து ஆபீசர் இப்படிச் சொன்னதும் பத்து ஆட்களும் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். திருத்தணிக்கும் மணவூருக்கும் நடுவே, ஓடைக்கரைச் செம்மண் மேட்டில், ஆதிமனிதர்களின் கற்கருவிகளைத் தேடிக் குழி வெட்டிக்கொண்டிருந்தோம்.

வினை என் பழைய தொழிலால் வந்தது. இந்தக் குழி வெட்டும் கேம்ப்புக்கு வருமுன் வீடு வீடாகப் போய் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தியவள் நான். கல் தெரிந்தவள் என்றுதான் மேஸ்திரி காதர் பாய் என்னைச் சேர்த்துவிட்டார். மற்றவர்கள் ஓடையில் பொறுக்கிய கைக்கோடாரிகள், அதாவது பிடியில்லாமல் கையிலேயே பிடித்து வெட்டும் கற்கள், எல்லாம் மழுங்கிக் கிடந்தன. என் குழியில் கிடைத்தவையோ விரல் வைத்தால் கிழிக்கும்.

“அம்மி கொத்தறவ குழியில மட்டும் இவ்வளவு கூரா கிடைக்குதா? நீயே அடிச்சுப் புதைச்சதுதானே எஸ்தர்?” என்றார் ஆபீசர்.

“இன்னா பேச்சு சார் இது? வேதம் படிக்கிற வூட்டுப் பொண்ணு நான். களவாணிப் பட்டத்தோட போவ மாட்டேன். இன்னிக்கு ஒரு நாள் குடுங்க, அப்பால தொரத்துங்க.”

பாய் குறுக்கே வந்தார். “ஆங் சார், அதுக்கு வாய்தான் நீளம், கை சுத்தம். ஒரு நாள்தானே, பாத்துடலாம்.”

2

ஓடையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துவந்து ஆபீசர் கண்ணெதிரே உடைத்தேன். உடைந்த முகம் பளிச்சென்று வெளுத்திருந்தது. என் குழிக் கற்களின் வெட்டுமுகத்தில் செம்மண் ஏறி, எவ்வளவு கழுவினாலும் போகாத பழுப்பு நிறம்.

“நேத்து நான் ஒடச்சிருந்தா இதுவும் வெள்ளையாத்தானே சார் இருக்கணும்? நம்பலைன்னா நீங்களே ஒரு இடம் பாத்துத் தோண்டுங்க. நான் கிட்டயே வரல.”

என் குழிக்குப் பக்கத்தில், யாரும் தொடாத கெட்டிப்பட்ட மண்ணாகப் பார்த்து, ஆபீசரே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் ஆழத்தில் கற்சில்லுகள் தெரிந்தன. அதுவரை கழிவென்று மண்ணோடு கொட்டிவந்த சில்லுகள்தான். அவர் ஒன்றையும் அசைக்காமல் பிரஷ்ஷால் மண்ணை மட்டும் தள்ளிக்கொண்டே போனார். மதியச் சாப்பாட்டையும் மறந்துவிட்டார்.

இரண்டு குவியலாகச் சில்லுகள். நடுவில் ஒரு கால் நீளத்துக்கு வெறும் மண். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆண்டவரே! சிரிப்பை அடக்க முடியவில்லை. குழியில் இறங்கி, இடது காலை மடித்து, வலது காலை அந்த வெற்றிடத்தில் நீட்டி உட்கார்ந்தேன். ஒரு சில்லும் என் காலில் குத்தவில்லை.

“நான் கல்லு ஒடச்சாலும் சில்லு இப்படித்தான் ரெண்டு பக்கமும் வுழும். இங்க ஒரு ஆளு குந்திக்கினு வேல செஞ்சிருக்காங்க சார். வெள்ளத்துல உருண்டுகினு வந்த கல்லு இல்ல இது. அதான் கூரு மழுங்கல.”

ஆபீசர் பக்கத்தில் கிடந்த கோடாரிக் கல்லை எடுத்து, ஒரு சில்லை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பானைக்கு மூடிபோல் கச்சிதமாகப் பொருந்தியது.

“எத்தனை ஆயிரம் வருஷமோ! இப்பதான் எழுந்து போன மாதிரி இருக்கேம்மா!”

நான் எழுந்திருக்கவில்லை. “பத்துப் பேரு முன்னால என் மேல பழி போட்டீங்க. அதே பத்துப் பேரு முன்னால இல்லேன்னு சொல்லுங்க. அப்பதான் எழுந்துப்பேன்.”

“எஸ்தர் எதையும் புதைக்கல. தப்பு என்னுது” என்றார் ஆபீசர், எல்லோருக்கும் கேட்கும்படி.

“இன்னொரு தபா சார், அந்தாண்ட இருக்கறவனுக்குக் கேக்கல” என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்துவிட்டு மறுபடி சொன்னார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தக் குழியிலேயே ஆடியிருப்பேன்!

அதற்குப் பிறகு எத்தனையோ குழிகளில் வேலை பார்த்தேன். எங்கேயும் சில்லைக் கொட்ட விட்டதில்லை. முழுக் கோடாரியைப் பார்த்தால் ஆதிமனிதரின் கைத்திறன் தெரியும். அவர் எங்கே உட்கார்ந்தார், எப்படிக் காலை நீட்டினார் என்பதெல்லாம் சில்லைப் பார்த்தால்தான் தெரியும். இன்றைக்குக் குழி வெட்ட வரும் பிள்ளைகளே, யார்மேல் வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் தோண்டிப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள்.